தலைமடைக்கு வேலி இல்லையா?

ஜீயபுரத்துக்கு அருகே முக்கொம்பில்தான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. டெல்டாவின் தலை அதுவே. 2020 பிப்ரவரி 9-ந் தேதி, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட விசேஷ விவசாய மண்டலமாக்கப் போவதாக அன்றைய முதலமைச்சர் அறிவித்தபோது, திருச்சி ஜில்லாவின் டெல்டாப் பகுதிகளும் அதில் இருந்தன. அந்த நம்பிக்கை பதினோரு நாள்தான் நீடித்தது. 20-ந் தேதி சட்டசபையில் நிறைவேறிய மசோதாவில் திருச்சி இல்லை. கரூரும் அரியலூரும்கூட இல்லை.

சட்டத்தின் வாசகத்தை நாம் படித்துப் பார்த்தோம். புதிதாக எண்ணெய், இயற்கை எரிவாயு எடுப்பதையும், செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றையும் அது விலக்குகிறது. நல்ல சட்டந்தான். ஆனால் தலைமடையைத் திறந்து போட்டுவிட்டுக் கடைமடைக்கு வேலி கட்டுவது என்ன நியாயம்? முக்கொம்பில் கெட்ட நீர் தஞ்சாவூரில் சுத்தமாகிவிடுமா? நதிக்கு ஜில்லா எல்லை தெரியாது. மசோதா எழுதியவர்களுக்கு அது மட்டுமே தெரிந்திருக்கிறது.

குடியானவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2023-ல் மத்திய சர்க்காரின் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சை ஜில்லா வடசேரி, அரியலூர் ஜில்லா மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதி ஆகிய மூன்றும் இடம்பெற்றன. மைக்கேல்பட்டிக்கு அந்தச் சட்டத்தின் நிழல்கூடக் கிடையாது. விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள், கட்சிகளும் சேர்ந்துகொண்டன. மூன்றையும் நீக்குவதாக ஏப்ரல் 8-ந் தேதி மத்திய மந்திரி அறிவித்தார். சட்டம் கைவிட்ட ஊரைக் கிளர்ச்சி காத்தது!

ஆயினும், நாற்று நடும் வேளையில் ஏலப் பட்டியலுக்குக் காவல் நிற்க யாருக்கு அவகாசம்? திருச்சியின் காவிரிக்கரை யூனியன்களைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்க வேண்டும். புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. 2020 பிப்ரவரி 9-ந் தேதி சொன்னதைத்தான் கேட்கிறோம்.