தமிழாய்வுச் செயலிகளில் பொதுப் பதிவு நிரலகத்தின் அமைவு: மாமல்லபுர இடப்பெயர்த் தரவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
ஒரு செயலியும் அதன் கூறுகளும் ஒரே பதிவு நிரலகத்தைப் பகிரும்போது, அதன் அமைவை வரையறுக்கும் பொறுப்பு செயலிக்கே உரியது என்பதைப் பைத்தான் மொழியின் ‘லாகிங்’ நிரலகம்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பதிவு நிரலகம், பைத்தான், இடப்பெயர், மாமல்லபுரம்.

முன்னுரை
மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அவ்வூர் ஆழ்வார் பாசுரத்தில் கடல்மல்லை எனவும், பிற்கால வழக்கில் மகாபலிபுரம் எனவும் குறிக்கப்பெறுகிறது. செங்கல்பட்டு வட்டாரக் கல்வெட்டுப் பாடங்களையும் இலக்கியங்களையும் ஒருங்கே ஆராயும் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கருதலாம். பாடத்தைப் படித்தல், சொற்பிரிப்பு, இடப்பெயர் இணைப்பு ஆகியவற்றை அதில் தனித்தனிக் கூறுகள் செய்யும். ‘கடல்மல்லை’யை ‘மாமல்லபுரம்’ என இணைத்த முடிவு பதிவாகவில்லையெனில், மூலத்தில் உள்ளது எது, நிரல் மாற்றியது எது என ஆய்வாளர் பிரித்தறிய இயலாது.

இயங்குமுறை
2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 முதல் ‘லாகிங்’ அம்மொழியுடன் இணைந்தே வருகிறது. இதில் செய்தியை ஏற்பது ‘லாகர்’. அதைக் கோப்புக்கோ திரைக்கோ அனுப்புவது ‘ஹேண்ட்லர்’. கிளை லாகரில் எழும் செய்தி வேர் லாகரின் ஹேண்ட்லர் வரை செல்லும். தகவல் நிலையின் மதிப்பு 20. எச்சரிக்கை நிலையின் மதிப்பு 30. வேர் லாகரின் இயல்பு நிலை 30 ஆதலின், அமைவு செய்யப்படாத செயலியில் தகவல் நிலையிலுள்ள பெயரிணைப்புக் குறிப்புகள் எவ்வித அறிவிப்புமின்றி மறையும்.

நேரும் பிழைகள்
1. கூறு தனக்கென ஒரு ஹேண்ட்லரை இணைத்து, செயலியும் வேரில் ஒன்றை இணைத்தால், ஒரே செய்தி இருமுறை பதிவாகும்.
2. கூறு முந்திக்கொண்டு ‘பேசிக்கான்ஃபிக்’ கட்டளையை அழைத்தால், பின்னர்ச் செயலி விடுக்கும் அதே கட்டளை இயல்பாகப் பயனற்றுப்போகும்.
3. செயலி ‘டிக்ட்கான்ஃபிக்’ வழி அமைவு செய்கையில், அதில் பெயர் குறிக்கப்படாத, முன்பே உருவான லாகர்கள் இயல்பாக முடக்கப்படும்.
4. எழுத்துக் குறியாக்கம் சுட்டப்படாத கோப்பு, சில விண்டோசு கணினிகளில் தமிழ் எழுத்தை ஏற்காது, அப்பதிவு இழக்கப்படும்.

தீர்வு
கூறு தன் நிரற்கூற்றின் பெயரிலேயே லாகரைப் பெற்று, எங்கும் எழுதாத ‘நல்ஹேண்ட்லர்’ ஒன்றை மட்டும் இணைத்தல் போதும். நிலை, கோப்பு, வடிவம் ஆகியவற்றைச் செயலியே தன் தொடக்கத்தில் ஓரிடத்தில் வரையறுக்க வேண்டும். ‘டிஸேபிள்_எக்ஸிஸ்டிங்_லாகர்ஸ்’ என்பதற்குப் ‘பொய்’ என்னும் மதிப்பும், குறியாக்கத்திற்கு ‘யூடிஎஃப்-8’ என்பதும் அளிக்கப்பட வேண்டும்.

முடிவுரை
நிகழ்ந்ததைக் கூறுதல் கூறின் பணி. அதனை எங்கு, எவ்வளவு பதிவுசெய்வது என முடிவுசெய்தல் செயலியின் பணி. இவ்வரையறை பேணப்படும்போதே கணினிவழிப் பெற்ற ஆய்வு முடிவைப் பிறிதோர் ஆய்வாளர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலும்.