விளக்கு வந்தது, புகை போகவில்லை

ஒரு வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டால், இருள் நீங்கிற்று என்று மகிழ்கிறோம். அவ்வீட்டின் அடுப்படியை எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

போர்க்காலத்தில் முல்லைத்தீவு மக்கள் நெடுங்காலம் மின்சாரமின்றியே வாழ்ந்தனர். குப்பி விளக்கே அவர்தம் இரவுக்குத் துணை. 2009இல் போர் முடிந்து, மக்கள் மீளக் குடியேறிய பின்னர், புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் முதலிய ஊர்களுக்கு மின்கம்பிகள் வந்தன. நன்றே. எனினும், மாலையில் மின்குமிழ் எரியும் பல வீடுகளில் காலையில் எரிவது விறகுதான். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி, இலங்கைக் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன.

விறகுக்குக் காசில்லை என்பர். அதைக் காட்டிலிருந்து சுமக்கும் தலையும், ஊதுகுழல் பிடிக்கும் நெஞ்சுமே அதன் விலையை அறியும். விறகு முற்றாக எரியாதபோது நுண்துகள்களும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவும் எழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. தீராத சுவாச நோய், இருதய நோய், கண்புரை ஆகியவற்றுக்கு இப்புகை காரணமாகிறது. கருவுற்ற தாய் இதனைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

சமையல் வாயு நல்ல மாற்றே. ஆயினும் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வாயு கிடையாமல் நகரத்தாரும் விறகை நாடியதை நாம் மறக்கவில்லை.

மின்சாரத்தில் 70 வீதத்தை 2030க்குள் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அரசாங்கத்தின் இலக்கு. ஆனால், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்ததைப் பாருங்கள். மின்தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்தமையால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. உச்சிவெயிலில் மின்சாரம் மிகுதி. அதே உச்சிப்பொழுதில் வன்னித் தாய் உலைமுன் கண் கசக்குகிறாள்!

இவ்விரண்டையும் இணைப்பதே அறிவுடைமை. வறிய குடும்பங்களுக்குத் தவணை முறையில் மின்னடுப்பும், நண்பகற் சமையலுக்குக் குறைந்த கட்டணமும் அளித்தல் வேண்டும். அது கைகூடும்வரை, விறகைக் குறைத்து எரிக்கும் 'அனகி' மண்ணடுப்பும், புகைபோக்கியும், காற்றோட்டமுள்ள குசினியும் உதவும்.

இத்தனை வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்தோம் என்று கணக்கிடுவோர், இத்தனை அடுப்படிகளில் புகை நீங்கியது என்றும் கணக்கிடட்டும். தாயின் மூச்சுச் சீராக இருந்தாலன்றோ வீடு நலம் பெறும்!