சத்தத்தைக் கூட்டினால் நீர்மூழ்கி சிக்குமா?

நீருக்குள் ஒளி சீக்கிரமே மங்கிவிடும்; ஒலியோ விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். அதனால் போர்க்கப்பலின் சோனார் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு நீர்மூழ்கியின் தூரத்தைக் கணக்கிடுகிறது. எதிரொலி பலவீனமாக இருந்தால் ஒலியின் வலிமையைக் கூட்டலாமே என்று தோன்றும். ஆழமற்ற கடலில் அது பெரும்பாலும் பலிக்காது. நீர்மூழ்கியில் பட்ட ஒலி மட்டுமா திரும்புகிறது? அலை, காற்றுக்குமிழி, மீன்கூட்டம், கடலடி எல்லாம் அதே ஒலியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இந்த எதிர்முழக்கம் சோனாரின் சொந்தக் குரல்தான். வலிமையைப் பத்து மடங்காக்கினால் நீர்மூழ்கியின் எதிரொலியும் பத்து மடங்காகும், எதிர்முழக்கமும் பத்து மடங்காகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது.

இதில் கடலடியின் பங்கு பெரிது. கடலடி எப்படிப்பட்டது என்பதை நிலத்திலேயே பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் போதும். கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. காரை என்னும் ஊரில் காண்பது நுண்சேறு படிந்து உருவான களிமண். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் காண்பது தடித்த சிப்பி ஓடுகளின் குவியல். இன்றைய கடலில் மென்சேறு ஒலியின் பெரும்பகுதியை உள்ளே இழுத்துத் தணித்துவிடும். ஓடும் கல்லும் நிறைந்த கரடான தரை அதைச் சிதறடித்துத் திருப்பும். ஒரே கருவி, ஒரே ஆழம். தரை மாறினால் கேட்கும் தூரமும் மாறும்.

துடிப்பைச் சுருக்கினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு விநாடித் துடிப்பு 750 மீட்டர் நீளப் பரப்பின் சிதறலை ஒரே நேரத்தில் கொண்டுவருகிறது. சுருக்கினால் அந்தப் பரப்பு குறையும், ஆனால் அனுப்பும் ஆற்றலும் குறையும். ஆகவே நீண்ட துடிப்புக்குள்ளேயே அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அனுப்பி, வந்த பிறகு கணக்கால் சுருக்குகிறார்கள். நகரும் நீர்மூழ்கியை டாப்ளர் மாற்றம், அதாவது நகர்வால் எதிரொலியின் அதிர்வெண்ணில் நேரும் மாற்றம், பிரித்துக் காட்டும். தரையில் அசையாமல் கிடப்பதை அது காட்டாது. ஒலி அனுப்பாமல் வெறுமனே கேட்கலாம் என்றால், மின்கலத்தில் ஓடும் இன்றைய நீர்மூழ்கிகள் மிக அமைதியானவை. எனவே பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் சோனாரின் திறன் அதன் வலிமையில் மட்டும் இல்லை. துடிப்பின் வடிவமும் ஒலிக்கற்றையின் குறுக்கமும் கடலடி வரைபடமும் அதே அளவு முக்கியம்.