இடிக்காமல் விரித்தல்: லகாத்தோன் – வசால் கட்டடக்கலையில் தன்னடக்கம்

கட்டடக்கலையில் எளிமை பெரும்பாலும் தோற்றத்தின் பண்பாகவே பேசப்படுகிறது. பிரான்சின் ஆன் லகாத்தோன், ழான்-பிலிப் வசால் ஆகிய இருவரின் பணியிலோ அது எதைச் செய்யாது விடுவது என்னும் முடிவைச் சார்ந்ததாக அமைகிறது. 1987இல் கூட்டாகத் தொழில் தொடங்கிய இவர்கள் 2021இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றனர்.

போர்தோ நகரின் லெயோன் ஓக்கோக் சதுக்கத்தை அழகுபடுத்தும் பணி 1996இல் இவர்களிடம் வந்தது. அங்கு வாழ்வோரிடம் பேசி, சதுக்கத்தின் அன்றாடப் பயன்பாட்டை நோக்கிய பின்னர், அது ஏற்கெனவே அழகாகவே உள்ளது என இவர்கள் முடிவுரைத்தனர். சரளைக் கல்லை மாற்றுதல், எலுமிச்சையோடு தொடர்பற்ற ‘லைம்’ மரங்களைப் பேணுதல், துப்புரவை மிகுதிப்படுத்துதல் முதலிய பராமரிப்புப் பணிகளே பரிந்துரைக்கப்பட்டன. இதனைக் குறும்பாகக் கொள்வாரும் உளர். எனினும், ஒன்றும் கட்ட வேண்டியதில்லை எனக் கூறுதற்கு, கட்டுவதற்கு வேண்டிய அதே நுண்ணாய்வு தேவைப்படுகிறது.

இந்நோக்கின் கடினமான சோதனைக்களம் சமூகக் குடியிருப்புகளே. அறுபதுகளில் எழுந்த அடுக்ககங்களை இடித்துப் புதியன கட்டும் அரசுக் கொள்கைக்கு மாற்றாக, பிரெடெரிக் துருவோவுடன் இணைந்து 2004இல் இவர்கள் ஓர் ஆய்வினை முன்வைத்தனர். அதன் முழு வடிவம் போர்தோவின் கிரான் பார்க் குடியிருப்பில் வெளிப்பட்டது. துருவோ, கிறிஸ்தோஃப் உய்த்தேன் ஆகியோருடன் இணைந்து முடிக்கப்பட்ட இப்பணி 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருதினைப் பெற்றது.

மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். பழைய முகப்பின் சிறு சன்னல்கள் அகற்றப்பட்டு, 3.8 மீட்டர் ஆழமுள்ள குளிர்காலத் தோட்டங்களும் மாடமுகப்புகளும் வெளிப்புறத்தில் இணைக்கப்பட்டன. முன்வார்ப்புக் கற்காரைப் பலகைகளும் தூண்களும் பாரந்தூக்கியால் ஏற்றி அடுக்கப்பட்டமையால், ஒரு வீட்டிற்குரிய வேலை 12 முதல் 16 நாள்களில் நிறைவுற்றது. குடியிருந்தோர் வெளியேற்றப்படவில்லை, வாடகை நிலையும் பேணப்பட்டது. இடிப்பினால் அண்டை அயலாரும் பள்ளியும் பழகிய கடைத்தெருவும் ஒருசேரச் சிதறும் என்பதை எண்ணினால், இங்குத் துல்லியம் என்பது மில்லிமீட்டர்க் கணக்கு மட்டுமன்று என்பது புலனாகும். வெப்பமூட்டப்படாத அக்கூடுதல் அறை கதிரவன் வெப்பத்தைத் தேக்கி உள்வீட்டின் எரிபொருள் தேவையையும் குறைக்கிறது.

எனினும், இம்முறை எங்கும் பொருந்துவதன்று. பழைய சட்டகம் உறுதியாக இருத்தல் வேண்டும்; கட்டடத்தைச் சுற்றி வெற்றிடமும் வேண்டும். நெருங்கி நிற்கும் அடுக்ககங்களுக்கிடையே அந்த 3.8 மீட்டரைக் கண்டெடுத்தல் அரிது.