பத்தாயிரத்தில் நான்கு: மீன் ரின் எஞ்சினை அளந்த பிள்ளைகள்

அந்த எஞ்சின் முதற்தடவை ஓடியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன் வினைத்திறனைக் கணித்து முடித்தபோது ஆய்வுகூடத்தில் ஒருவரும் பேசவில்லை. கணிப்பானைக் கையில் வைத்திருந்த மாணவி, தான் எங்கோ பூச்சியத்தைப் பிழையாக அழுத்திவிட்டதாக நினைத்து மூன்று தரம் திரும்பச் செய்துபார்த்தாள். விடை மாறவில்லை. 0.04 வீதம். சுடரில் இருந்து வந்த சக்தியில் பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் வேலையாக மாறியிருந்தது.

இது வன்னியில் உள்ள ஒரு பாடசாலை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் நான்கு மாணவர்கள் புத்தாக்கப் போட்டி ஒன்றுக்காகச் சூடான காற்றில் ஓடும் எஞ்சின் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, பிறகு ஊடகக் கற்கை. எனக்கு விளங்கவைக்கச் சேருக்குக் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். 2022 என்று சொன்னார்கள். அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்றது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பி ஓடாமல் மிளகாய்க் கன்று வாடியதை இந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் வீட்டிலேயே பார்த்தார்கள். "வளவுக்குள்ள சிரட்டையும் ஊமலும் குவிஞ்சு கிடக்குது. அதை எரிச்சு ஓடுற எஞ்சின் ஒண்டு இருந்தா வரிசையில நிக்கத் தேவையில்லைத்தானே, அக்கா" என்றாள் கணிப்பான் வைத்திருந்த மாணவி.

கேள்வி நியாயமானது. பெற்றோல் எஞ்சினுக்கு எரிபொருள் உருளைக்கு உள்ளே எரியவேண்டும். அதனால் அதற்கென்று வடித்தெடுத்த எண்ணெய்தான் வேண்டும். சூடான காற்று எஞ்சினில் நெருப்பு வெளியே. வெளியே எது எரிந்தாலும் எஞ்சினுக்குக் கவலையில்லை.

ஒரு போதகரின் எஞ்சின்

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் ஸ்ரேர்லிங் என்ற கிறிஸ்தவ போதகர். 1816இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். நீராவிக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் சாவது அந்தக் காலத்தில் வழமை. கொதிகலனே இல்லாத எஞ்சினில் அந்த ஆபத்து இல்லை.

பிள்ளைகள் செய்திருந்தது அதன் மிக எளிய வடிவம். உடல், உயரமான மீன் ரின். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருளை உருட்டிச் செய்த ஒரு கட்டை தளர்வாக மேலும் கீழும் போய்வரும். ரின்னின் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் துண்டு முசலத்தின் வேலையைச் செய்கிறது. பழைய சீடித் தட்டுகள் பறப்புச் சில்லு. கீழே மதுசார விளக்கு, மேற்பகுதியைச் சுற்றித் தண்ணீர்.

ரின்னுக்குள் இருப்பது வெறும் காற்று. கம்பிச்சுருள் மேலே போனால் காற்று கீழே சூடான பக்கத்துக்கு வருகிறது. விரிந்து பலூனை வெளியே தள்ளுகிறது. சுருள் கீழே வந்தால் காற்று மேலே குளிர்ந்த பக்கத்துக்குப் போகிறது. சுருங்கிப் பலூனை உள்ளே இழுக்கிறது. இந்தத் தள்ளலும் இழுத்தலும் சில்லைச் சுற்றுகின்றன. அதே காற்றுத்தான் திரும்பத் திரும்ப வேலை செய்கிறது.

கம்பிச்சுருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூடான காற்று அதைக் கடந்து போகும்போது வெப்பத்தில் ஒரு பகுதியை அதில் விட்டுவிட்டுப் போகிறது. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை இப்படிச் சேமித்துவைக்கும் வழிதான் ஸ்ரேர்லிங்கின் உண்மையான கண்டுபிடிப்பு.

அந்தச் சுருளுக்குப் பாடத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். "இடம்பெயர்ப்பி" என்றார் சேர். பிறகு சிரித்துக்கொண்டு, "எங்களுக்குப் பழகின சொல்லுத்தான்" என்றார்.

மூன்று அளவீடுகள்

வினைத்திறன் என்பது வகுத்தல் கணக்கு. எஞ்சின் செய்த வேலையை, அதற்குக் கொடுத்த சக்தியால் வகுக்கவேண்டும். இரண்டையும் எப்படி அளப்பது என்பதில்தான் பரிசோதனையே இருக்கிறது.

முதலாவது, கொடுத்த சக்தி. விளக்கைக் கொளுத்துவதற்கு முன்னும், ஆறு நிமிடம் எரிந்த பின்னும் நிறுத்தார்கள். குறைந்தது 1.5 கிராம். கடையில் வாங்கும் மதுசாரத்தில் கொஞ்சம் தண்ணீரும் இருப்பதால், ஒரு கிராம் எரிந்தால் ஏறக்குறைய 25,000 யூல் என்று எடுத்தார்கள். மொத்தம் 37,500 யூல். 360 செக்கனால் வகுத்தால் 104 வாற்று. பழைய குண்டு பல்ப் ஒன்றின் அளவு.

இதில் முதல் நாள் இரண்டு பிழை நடந்திருக்கிறது. எஞ்சின் சூடேறுவதற்கு எடுத்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். விளக்கை அணைத்த பிறகு மூடியைப் போடாததால் மதுசாரம் ஆவியாகப் போய், எரியாததும் எரிந்த கணக்கில் வந்துவிட்டது.

இரண்டாவது, எஞ்சின் செய்த வேலை. சில்லின் அச்சில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையில் நிறுத்துப் பார்த்த நட்டுகளைத் தொங்கவிட்டார்கள். நூல் அச்சில் சுற்ற நட்டுகள் மேலே ஏறும். ஒரு மீற்றர் ஏற எத்தனை செக்கன் என்று பார்க்கவேண்டும். 10 கிராமைத் தூக்க 3.5 செக்கன்; வலு 0.029 வாற்று. 20 கிராமுக்கு 5 செக்கன்; 0.04 வாற்று. 30 கிராமுக்கு 10 செக்கன், 0.03 வாற்று. 40 கிராமுக்கு எஞ்சின் நின்றுவிட்டது. பாரம் குறைந்தால் வேகமாகச் சுற்றும், ஆனால் வேலை குறைவு. பாரம் மிஞ்சினால் சுற்றாது, வேலையே இல்லை. இடையில் ஓரிடத்தில் வலு உச்சம். ஒரேயொரு பாரத்தோடு அளந்து நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

உச்சமான 0.04ஐ 104ஆல் வகுத்தபோதுதான் அந்தப் பத்தாயிரத்தில் நான்கு வந்தது.

மூன்றாவது அளவீட்டைச் சேர்தான் செய்யச் சொன்னார். மிச்ச வெப்பம் எங்கே போனது? குளிரூட்டும் தண்ணீர் 200 கிராம். ஆறு நிமிடத்தில் அதன் வெப்பநிலை 30 பாகையில் இருந்து 38 பாகைக்கு ஏறியிருந்தது. 0.2ஐ 4,200ஆலும் 8ஆலும் பெருக்கினால் 6,720 யூல். அதாவது சுடரின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கிலும் குறைவுதான் ரின்னைக் கடந்து தண்ணீருக்குப் போயிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ரின்னின் ஓரத்தால் வழிந்து ஆய்வுகூடத்தைச் சூடாக்கியிருக்கிறது. தண்ணீருக்குப் போனதிலும் பெரும்பகுதி காற்றைத் தள்ளாமல் ரின்னின் தகரச் சுவர் வழியாக நேரே மேலே போனது.

எல்லை எங்கே?

"நூறு வீதம் வராது எண்டு தெரியும். ஆனா எவ்வளவுதான் வரலாம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். இதற்கு விடை 1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோவிடம் இருந்து தொடங்குகிறது. எந்த வெப்ப எஞ்சினுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. அதைத் தீர்மானிப்பவை சூடான பக்கத்தின் வெப்பநிலையும் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலையும் மட்டுமே.

மோட்டார் சைக்கிள் திருத்துபவர் ஒருவரிடம் வெப்பநிலை காட்டும் மல்ரிமீற்றரை இரவல் வாங்கி ரின்னின் அடியை அளந்தார்கள். 250 பாகை செல்சியஸ். தண்ணீர் சராசரியாக 34 பாகை. 34ஐ 250ஆல் வகுத்து ஒன்றில் இருந்து கழித்தார்கள். 86 வீதம்! சந்தோசம் ஒரு நிமிடம்தான் நீடித்தது. செல்சியசில் பூச்சியம் என்பது தண்ணீர் உறையும் இடம். வெப்பம் முடியும் இடம் அல்ல. இந்தக் கணக்குக் கெல்வினில்தான் செய்யவேண்டும். 273ஐக் கூட்டினால் 307உம் 523உம். விடை 41 வீதம்.

இந்த எல்லையை ஒருவரும் தொட முடியாது. ஆனால் நல்ல எஞ்சின்கள் கிட்டப் போயிருக்கின்றன. 2008இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஆடிகளால் குவித்த சூரிய ஒளியில் ஓடிய ஸ்ரேர்லிங் எஞ்சின் தொகுதி ஒன்று 31.25 வீத வினைத்திறனைக் காட்டியது. சுவீடனின் நீர்மூழ்கிகளிலும் இந்த எஞ்சின் ஓடுகிறது. தத்துவத்தில் குறையில்லை. குறை மீன் ரின்னில்.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1930களின் பிற்பகுதியில் இந்த எஞ்சினைத் தூசுதட்டி எடுத்த கதையைச் சேர் சொன்னபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத இடங்களில் வானொலி கேட்பதற்காகவே அவர்கள் அதை உருவாக்கினார்கள். பிறகு சின்ன பற்றரியில் ஓடும் திரான்சிஸ்டர் வானொலி வந்து அந்தத் தேவையையே இல்லாமற் செய்துவிட்டது. 90களில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. மாமா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். செய்தி முடியுமட்டும் சுற்றவேண்டும். களைத்துப்போய் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். சக்தி சும்மா வராது என்பதை என் வயதினர் படித்தது அப்படித்தான்.

என்ன எழுதுவது?

போட்டிக்கு விண்ணப்பம் அனுப்ப ஒரு கிழமைதான் இருந்தது. "சேர், 4 வீதம் எண்டு போட்டா என்ன? ஆர் வந்து அளக்கப்போயினம்?" என்று ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான். மற்றவர்கள் அவனைத் திட்டவில்லை. அவர்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கவேண்டும்.

சேர் கோபிக்கவில்லை. "போடலாம். ஆனா 4 எண்டு எழுதினா, நாளைக்கு நீர் அதை 6 ஆக்கினீரோ இல்லையோ எண்டு உமக்கே தெரியாமப் போயிடும்" என்றார். பிறகு கிணற்றுக் கணக்கைச் செய்யச் சொன்னார்.

ஆறு மீற்றர் ஆழக் கிணறு, பத்து லீற்றர் வாளி. தூக்கத் தேவை 600 யூல். 0.04 வாற்று எஞ்சின் அதைத் தூக்க 15,000 செக்கன். நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும். அதே வாளியை அம்மா கையால் பத்துச் செக்கனில் இழுத்துவிடுவார். அது 60 வாற்று. இப்படி ஆயிரத்து ஐந்நூறு மீன் ரின் எஞ்சின்கள்.

மிளகாய்த் தோட்டம் இந்த ரின்னால் நனையப்போவதில்லை என்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் மூன்றாவது அளவீடு ஒரு வழியைக் காட்டியிருந்தது. சுடர் வீணாகிறது என்றால் சுடரை மறிக்கவேண்டும். பால்மா ரின் ஒன்றைக் கீழும் மேலும் வெட்டி விளக்கைச் சுற்றிக் கவசம் போட்டார்கள். அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய் விட்டார்கள். திரும்ப ஓடவிட்டபோது 30 கிராமை 5 செக்கனில் தூக்கியது. 0.06 வாற்று. விளக்கு எரித்தது அதே 1.5 கிராம். வினைத்திறன் கிட்டத்தட்ட 0.06 வீதம்.

வேறு பாடசாலைகளில் செய்துபார்க்க விரும்புவோருக்குச் சேர் சொன்ன இரண்டு விடயங்கள். மதுசாரச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எரியும் விளக்கில் மதுசாரம் ஊற்றக்கூடாது, பக்கத்தில் ஈரச்சாக்கு இருக்கவேண்டும். அடுத்தது, ஒவ்வொரு அளவீட்டையும் குறைந்தது மூன்று தரம் எடுங்கள். பிடிக்காத பெறுமானத்தையும் அழிக்காமல் கொப்பியில் வைத்திருங்கள்.

விண்ணப்பத்தில் 0.04, 0.06 என்ற இரண்டு எண்களும் போயின. கவசம் போடுவதற்கு முன், போட்ட பின் என்று. நான் வெளிக்கிட்டபோது அந்த மாணவி கணிப்பானோடு வாசல்வரை வந்தாள்.

"வாளிக்கு இப்ப இரண்டே முக்கால் மணித்தியாலம்தான், அக்கா" என்றாள்.