கோடு மூடினால் மந்திரம்

கமோமே ஷிராஹாமா எழுதி வரையும் ‘தொங்காரி போஷி நோ அதோரியே’ என்ற ஜப்பானிய மங்கா, 2016 ஜூலையில் கோடான்ஷா பதிப்பகத்தின் ‘மார்னிங் டூ’ இதழில் தொடங்கியது. தலைப்பைக் ‘கூம்புத் தொப்பிக்காரர்களின் பட்டறை’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘விட்ச் ஹேட் அட்டெலியே’ என்ற பெயரில் 2019 முதல் தொகுதி தொகுதியாக வெளிவருகிறது. ஒரு சிறுமி மந்திரம் கற்கும் கதை என்றால் பறக்கும் துடைப்பமும் வாய்க்குள் முணுமுணுக்கும் மந்திரச் சொல்லும் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் உச்சரிப்பதில்லை. பேனாவை மையில் தோய்த்து வரைகிறார்கள். மந்திரம் என்பது அவ்வளவுதான். அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கதை பிறக்கிறது.

கோகோ ஒரு கிராமத்துத் தையற்கடைக்காரியின் மகள். துணியை நேராக வெட்டக் கைவந்தவள். மந்திரக்காரி ஆக வேண்டும் என்பது சிறுவயது ஆசை. ஆனால் அந்த வரம் பிறவியிலேயே வரவேண்டும், இல்லாதவர்களுக்குக் கிடையாது என்று ஊரே நம்புகிறது. ஒருநாள் கீஃப்ரி என்ற மந்திரக்காரர் கடைக்கு வருகிறார். உடைந்துபோன பறக்கும் வண்டியைச் சரிசெய்ய ஓர் அறை கேட்டு, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்கிறார். கோகோ எட்டிப் பார்க்கிறாள். அவர் வரைவதைக் கண்டதும் அவளுக்குப் பொறி தட்டுகிறது. சிறுமியாக இருந்தபோது ஒரு விழாவில் முகமூடிக்காரர் ஒருவரிடம் வாங்கிய படப்புத்தகமும் மைக்கூடும் வீட்டில் இருக்கின்றன. அன்றிரவே புத்தகத்துப் படங்களின் மேல் தாளை வைத்து ஒவ்வொன்றாக நகலெடுக்கிறாள். முதலில் சின்னச் சின்ன வியப்புகள். பிறகு வரைந்த ஒரு படம் வீட்டையே கல்லாக்குகிறது. கீஃப்ரி கோகோவைக் காப்பாற்றிவிடுகிறார், அம்மா கல்லாகிவிடுகிறாள்.

ரகசியம் அறிந்த வெளியாட்களின் நினைவை அழித்துவிட வேண்டும் என்பது அந்த உலகத்தின் சட்டம். கீஃப்ரி சட்டத்தை மீறி அவளைச் சீடப்பெண்ணாகச் சேர்த்துக்கொள்கிறார். இரக்கம் பாதிக் காரணம். படப்புத்தகத்தைக் கொடுத்த கூட்டத்தைத் தேடும் அவருக்கு, கையில் கிடைத்த ஒரே துப்பு இந்தப் பெண் என்பது மீதிக் காரணம். ஆசிரியரின் அன்பில் இப்படிக் கணக்கும் கலந்திருப்பதை ஷிராஹாமா ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். சிறுவர் கதைகளில் வரும் கனிவான குருமார்களிடமிருந்து கீஃப்ரி விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

மந்திரத்தின் விதிகள் எளியவை; ஆனால் கறாரானவை. நடுவில் ஒரு குறி: அது நெருப்பா, நீரா, காற்றா, ஒளியா என்பதைச் சொல்கிறது. அதைச் சுற்றிய சிறு குறிகள் அது எந்தப் பக்கம் போகும், எப்படி உருக்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் கோடு இரு முனையும் கூடி மூடிய நொடியில் மந்திரம் வேலை செய்யத் தொடங்கும். வட்டம் பெரிதானால் வலு கூடும். கோடு கோணினால் விளைவும் கோணும். மையும் சாதாரண மை ஆகாது, அதற்கென்று ஒரு மரம் இருக்கிறது. ஒரு சிறு இடைவெளி விட்டு வரைந்து வைத்தால், வேண்டும்போது அந்த இடைவெளியை மூடினால் போதும். பறக்கும் காலணிகளில் இந்த உபாயம் அழகாகப் பயன்படுகிறது: ஒவ்வொரு காலணியிலும் பாதி வட்டம். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் வட்டம் முழுமையாகி ஆள் மேலே எழும்பலாம்.

இப்படி விதிகளை முதலிலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுவதால் ஷிராஹாமா ஏமாற்ற முடியாது. கோகோ ஒவ்வொரு முறை இக்கட்டில் சிக்கும்போதும், தப்பிக்கும் வழியை வாசகரும் கூடவே யோசிக்கலாம். திடீர் வல்லமை எதுவும் அவளுக்கு வாய்ப்பதில்லை. மற்றவர்கள் பல ஆண்டு பழகிய கோட்டை அவள் நடுங்கும் கையால் இப்போதுதான் வரையத் தொடங்குகிறாள். ஆனால் தையற்கடையில் வளர்ந்தவளுக்குப் பொருள்களைப் பயன்படுத்தும் ஆட்களின் பக்கமிருந்து யோசிக்கத் தெரியும். பட்டறையின் மற்ற மூன்று சிறுமிகளிடம் இல்லாதது இது. அவர்களில் அகாட் பேர்பெற்ற மந்திரக் குடும்பத்துப் பெண். உழைப்பாளி, சிடுசிடுப்பானவள், வெளியிலிருந்து வந்தவளை முதலில் சகிக்கமாட்டாள். ரிச்சேவுக்குத் தேர்வுகள் மேல் வெறுப்பு, தன் போக்கில் தன் மந்திரத்தை மட்டும் செய்தால் போதும். டெட்டியா எல்லாரையும் சிரிக்க வைப்பவள். ஒல்ருஜியோ என்ற மந்திரக்காரரும் அங்கே தங்கியிருக்கிறார். பட்டறையைக் கண்காணிப்பது அவர் பொறுப்பு. மக்கள் வாங்கிப் பயன்படுத்தும் மந்திரப் பொருள்களைச் செய்பவரும் அவரே. வாங்குபவர்களுக்கு உள்ளே மறைந்திருக்கும் வரைபடம் தெரியாது.

மறைப்புக்குக் காரணம் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் எல்லாருக்கும் வரையத் தெரிந்திருந்தது. அதைக் கொண்டு போரிட்டார்கள், மனித உடலையே உருமாற்றினார்கள். பிறகு ஓர் உடன்படிக்கை வந்தது. அறிவைச் சிலர் மட்டும் வைத்துக்கொள்வது, மனித உடல்மேல் எந்த மந்திரமும் செய்யாதிருப்பது என்று முடிவானது. குணப்படுத்தும் மந்திரமும் தடைக்குள் அடக்கம். இதை ஏற்காதவர்கள் விளிம்புத் தொப்பிக்காரர்கள். கோகோவுக்குப் படப்புத்தகம் வந்தது அவர்களிடமிருந்துதான்.

இந்தத் தடை சரியா? கதை அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. தடையால் அடிபடுகிறவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எழுதுபொருள் கடையில் வளரும் டார்ட்டாவுக்கு நிறங்கள் பிரித்துத் தெரியாது, எல்லாம் வெள்ளிச் சாயலாகவே தெரியும். மை வகைகளைப் பிரித்தறிய முடியாதவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவன். நாடோடிக் கலைஞர் ஒருவரோடு திரியும் சிறுவன் குஸ்டாஸ், விபத்தொன்றில் கால்கள் நசுங்கி நடக்க முடியாமல் போகிறான். அவனை மீட்ட மந்திரக்காரர்கள் நினைத்தால் கால்களையும் சரிசெய்திருக்கலாம், சட்டம்தான் தடுத்தது என்ற உண்மை அவனைத் தடைசெய்யப்பட்ட பாதையின் பக்கம் தள்ளுகிறது. கோகோவின் நிலையும் அதேதான்: கல்லான அம்மாவை மீட்கும் வழி தடைசெய்த மந்திரத்தில் இருக்கலாம். தொடரின் மிக வலுவான பகுதிகள் இவை. சிறுமிகளின் மந்திரத் தேர்வுக் காட்சிகளைவிட இவற்றுக்காகவே படிக்கலாம்.

ஷிராஹாமா டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படித்தவர். முதல் தொடர் ஒரு தேவதையும் ஒரு பேயும் அடிக்கும் கூத்தைப் பற்றிய ‘எனியேல் அண்ட் டெவியேலா’. மார்வெல், டிசி நிறுவனங்களின் காமிக்ஸ்களுக்கும் ஸ்டார் வார்ஸ் இதழ்களுக்கும் மாற்று அட்டைகள் வரைந்திருக்கிறார். ஓவியம் உருவாகிவரும் விதமே மந்திரம் மாதிரி இருக்கிறது என்று நண்பர்களிடையே எழுந்த பேச்சில் முளைத்தது இந்தக் கதை. அதனால் பட்டறைக் காட்சிகளில் தொழில் தெரிந்தவரின் கை தெரிகிறது. மை வழிவது, தாள் சுருங்குவது, நகலெடுத்துப் பழகுவது, பிறருடையதைப் பார்த்துத் தன்னுடையதை நொந்துகொள்வது எல்லாம் ஓவியர்கள் அன்றாடம் படும் பாடுகள்.

படங்களோ பழைய ஐரோப்பிய நூல்களின் செப்புத்தகட்டு ஓவியங்களைப் போல நெருக்கமான மெல்லிய கோடுகளால் நிழலும் மடிப்பும் கொண்டவை. கட்டங்களின் ஓரங்கள் சில பக்கங்களில் பூவேலை செய்த சட்டங்களாகின்றன. சில பக்கங்களில் பாத்திரங்கள் சட்டத்தைப் பற்றிக்கொண்டோ அதன்மேல் உட்கார்ந்தோ இருக்கிறார்கள். கோகோ முதன்முதலாகப் பறக்கும்போது கட்டங்கள் விலகிப் பக்கமே வானமாகிறது. வேகமாகப் புரட்டுகிறவர்களுக்கு இந்த நுணுக்கம் சற்று மூச்சுமுட்டலாம். பிந்தைய தொகுதிகளில் வெள்ளி இரவுத் திருவிழா தொடங்கியபின் பாத்திரங்களும் பெருகி, கதை பல கிளைகளாகப் பிரிகிறது. யார் யார் என்று நினைவில் வைக்கத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆங்கிலப் பதிப்பு 2020இல் ஆசியப் படைப்புக்கான ஐசனர் விருதையும், அதே ஆண்டு சிறந்த மங்காவுக்கான ஹார்வி விருதையும் பெற்றது. பட்டறையின் சமையலறையை வைத்து ஒரு கிளைத் தொடரும் 2019இல் தொடங்கியது: கீஃப்ரியும் ஒல்ருஜியோவும் சிறுமிகளுக்குச் சமைத்துப் போடும் சின்னச் சின்னக் கதைகள், வரைபவர் ஹிரோமி சாத்தோ. அனிமேஷன் வடிவம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அதைச் செய்யும் பொறுப்பு பக் பிலிம்ஸ் ஸ்டுடியோவிடம் போனது.