சுவரில் ஒட்டிய குடும்ப வரலாறு

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒருவர் இறந்தால் ‘கண்ணீர் அஞ்சலி’ சுவரொட்டி உடனே கடைவீதிக்கு வந்துவிடும். படம், தோற்றம், மறைவு. கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், ஊர்ப்பெயர். காதணி விழாவுக்கும் கல்யாணத்துக்கும் பிளக்ஸ் பேனர். ஒரு மழை போதும், சுவரொட்டி போய்விடும்!

அரசுப் பதிவேடு இருக்கிறதே எனலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் சம்பந்தி வீட்டையும் பேரன்களையும் அந்தப் பதிவேட்டில் தேட முடியாது. பழைய பதிவு தேடுவோர் மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும்: 1995 வரை இரண்டு ஊரும் திருச்சி மாவட்டம், பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007-இல்.

பதிவேட்டில் இல்லாததை அறிவிப்புகள் தரும் என்பதற்கு ஸ்காட்லாந்து ஓர் உதாரணம். அங்கே அரசுப் பதிவு தொடங்கியது 1855-இல். அதற்கு முந்தைய உறவுகளைத் தேடுவோருக்கு உள்ளூர்ப் பத்திரிகை அறிவிப்புகள் இன்றும் கைகொடுக்கின்றன. நம்மூர்ச் சுவரொட்டியிலும் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகங்கள் அச்சகங்களிடம் கேட்டு வாங்கி வைக்கலாம்.